கார்ட்டூன் வில்லன்கள் லைவ் ஆக்‌ஷனில் ஏன் மாறிவிடுகிறார்கள்?

கார்ட்டூனாக வந்த தொடரை நிஜ நடிகர்களை வைத்துத் திரும்ப எடுப்பதுதான் லைவ் ஆக்‌ஷன் ரீமேக். அதில் பெரும்பாலும் அதிகம் மாறுவது வில்லன்தான்.

வரைந்த வில்லனுக்கு ஒரு கோணல் சிரிப்பும் முரட்டுக் குரலும் போதும். மனித முகம் வியர்க்கும், கண் கலங்கும். பார்க்கிறவருக்கு 'இவன் ஏன் இப்படி ஆனான்?' என்று தோன்றிவிடும். அதற்குக் கதையில் பதில் வைத்தாக வேண்டும்.

தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள். அதில் துரியோதனன் கெட்டவன், அவ்வளவுதான். ராத்திரி கூத்தில் அவனே கிரீடமும் புஜக்கட்டையுமாக வந்து தன் நியாயத்தைப் பாடும்போது, கூட்டம் கொஞ்சம் அவன் பக்கமும் சாயும்.

2005இல் தொடங்கிய 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூனில் முக்கிய வில்லனான ஓசாயின் முகத்தை முதல் இரண்டு சீசன்களில் காட்டவே இல்லை. அந்தப் பயமே தனி! 2024 ரீமேக்கில் முதல் சீசனிலேயே முகம் தெரிகிறது. மகனையும் மகளையும் மோதவிடும் அப்பாவாக நிற்கிறார். 20 எபிசோடுக் கதையை 8இல் அடக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணமாக இருக்கும். எனக்கென்னவோ அந்த இருட்டு முகம்தான் பிடிக்கும்.

காரணம் காட்டினாலே வில்லனை நல்லவனாக்கிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ரீமேக்கிலும் பெற்ற மகனின் முகத்தைச் சுட்டது அதே ஓசாய்தான்.