கேள்வி–பதில்: ஹங்கேரிக்காரர்களின் ஃபோரின்ட்

கே: மகன் மருத்துவம் படிக்க ஹங்கேரியின் டெப்ரட்சென் நகருக்குப் போகிறான். அந்த நாட்டுப் பணத்தை ஊட்டியிலேயே வாங்கிவிடலாமா? – வாசகி, கோத்தகிரி

ப: ஊட்டியை விடுங்கள், கோவையிலேயே ஃபோரின்ட் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. யூரோ நோட்டாக வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். ஹங்கேரி 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டாலும் யூரோவுக்கு இன்னும் மாறவில்லை. அதனால் அங்கே போய் மாற்றித்தான் ஆகவேண்டும்.

விமான நிலையத்தில் வழிச்செலவுக்கு மட்டும் மாற்றட்டும், மீதியை ஊருக்குள். பணம் மாற்றும் கடைப் பலகையில் 'வேடெல்' என்ற வரிசையில் இருப்பதுதான் நம் யூரோவுக்கு அவர்கள் தரும் விலை. 'எலாடாஷ்' அவர்கள் விற்கும் விலை; அதைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஏ.டி.எம். திரை 'ரூபாயிலா, ஃபோரின்டிலா?' என்று கேட்டால் ஃபோரின்டையே அழுத்தச் சொல்லுங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விலையை அந்த இயந்திரக்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வார்.

இன்னொன்று: 1, 2 ஃபோரின்ட் காசுகளை 2008-ல் நிறுத்திவிட்டார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையை 5-க்கு ரவுண்ட் செய்வார்கள். 1,998 என்றால் 2,000, 1,997 என்றால் 1,995. கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கார்டில் கட்டினால் உள்ளது உள்ளபடி.

கே: எங்கள் ஹோம் ஸ்டேயில் தங்கியவர் 200 ஃபோரின்ட் காகித நோட்டு ஒன்றை விட்டுப் போயிருக்கிறார். செல்லுமா? – வாசகர், குன்னூர்

ப: கடையில் செல்லாது. 2009-ல் 200-ஐக் காசாக மாற்றிவிட்டார்கள். நிறுத்திய நோட்டுகளை அந்நாட்டு மத்திய வங்கி 20 ஆண்டு வரை மாற்றித் தரும், ஆனால் சுமார் ஐம்பது ரூபாய்க்காக புடாபெஸ்ட் போவீர்களா? வைத்துக்கொள்ளுங்கள், படத்தில் இருப்பவர் சாதாரண ஆள் இல்லை. கார்ல் ராபர்ட் மன்னர். 1325-ல், ஃபுளோரன்ஸ் நகரத்துத் தங்கக் காசைப் பார்த்து ஹங்கேரியில் தங்கக் காசு அடிக்கத் தொடங்கியவர். ஃபோரின்ட் என்ற பெயரே அந்த ஃபுளோரன்ஸ் காசிலிருந்து வந்ததுதான்.

கே: ஃபோரின்ட் 1946-ல் பிறந்தது என்றல்லவா படித்தேன்? – வாசகர், கொடைக்கானல்

ப: மறுபிறவி என்று சொல்லுங்கள். 1892-ல் கொரோனா என்ற நாணயம் வந்ததும் பழைய ஃபோரின்ட் ஓரங்கட்டப்பட்டது, 1927-ல் அதன் இடத்துக்கு பெங்கோ என்ற நாணயம். போருக்குப் பின் அரசு நோட்டாக அடித்துத் தள்ள, 1946 ஜூலையில் விலைவாசி சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானது. ஆகஸ்ட் 1 அன்று பழைய பெயரோடு புது ஃபோரின்ட் வந்தது. ஒரு ஃபோரின்டுக்கு எத்தனை பெங்கோ தெரியுமா? 4 போட்டு 29 பூஜ்யம். புழக்கத்துக்கு வந்த மிகப் பெரிய பெங்கோ நோட்டில் 1-க்குப் பின் 20 பூஜ்யம். அப்படி 400 கோடி நோட்டு சேர்ந்தால்தான் ஒரு ஃபோரின்ட்.