அடர் சிவப்பு ஒரே இரவில் வரும்

கேள்வி: மகளின் பிறந்தநாள் கேக்குக்கு வீட்டிலேயே பட்டர்கிரீம் அடித்தேன். நல்ல சிவப்பு வர வேண்டுமென்று கலரை ஊற்றிக்கொண்டே போனேன். ரோஸைத் தாண்டவே இல்லை. கடைசியில் கிரீம் நீர்த்துப்போய், கசக்கவும் ஆரம்பித்துவிட்டது. அடுத்து மகன் சிவப்பும் கறுப்புமாக ஒரு கேக் கேட்கிறான். எப்படிச் செய்வது?

பதில்: இன்னும் கொஞ்சம் ஊற்றினால் சிவந்துவிடும் என்று நினைத்தீர்களே, அங்கேதான் சிக்கல். வெண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதம் கொழுப்பு. பெரும்பாலான கலர்கள் தண்ணீரில் கரைபவை. கொழுப்புக்குள் அவை உடனே பரவாது; மெல்ல மெல்லத்தான் பிடிக்கும். அடிக்கும்போது உள்ளே போகும் காற்றும் கிரீமை வெளுக்க வைக்கிறது. ஆகவே, கலந்த உடனே தெரியும் நிறத்தை நம்பாதீர்கள்.

முதலில் திரவக் கலரை விட்டுவிட்டு ஜெல் கலர் வாங்குங்கள். தண்ணீர் குறைவு, நிறம் செறிவு, கிரீம் இளகாது. சிவப்பில் கசப்பில்லாத வகை தனியாகவே கிடைக்கிறது, அட்டையைப் பார்த்து வாங்குங்கள். விழாவுக்கு முதல் நாளே கலந்து, நீங்கள் விரும்பும் நிறத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள். காற்றுப் படாமல் மூடி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் நிறம் நன்றாக ஆழ்ந்திருக்கும். அறை வெப்பநிலைக்கு வந்ததும் மென்மையாகக் கிளறினால் போதும்.

அவசரமென்றால் ஒரு வழி உண்டு. கலர் கலந்த கிரீமில் கால் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து, மைக்ரோவேவில் பத்துப் பத்து விநாடியாகச் சூடாக்குங்கள். ஓரத்தில் உருகும் இடம் மட்டும் முதலில் பளபளவென்று கருஞ்சிவப்பாக மாறுவதைப் பார்ப்பீர்கள். நடுவில் இன்னும் ரோஸ்தான் இருக்கும். முழுவதும் உருகியதும் வெதுவெதுப்பு வரை ஆறவிட்டு, மிச்சமுள்ள கிரீமில் ஊற்றி அடியுங்கள். சூடாக ஊற்றினால் எல்லாமே இளகிவிடும். இளகினால் சிறிது நேரம் குளிர வைத்து மீண்டும் அடித்தால் சேர்ந்துகொள்ளும்.

கறுப்பை ஒருபோதும் வெள்ளைக் கிரீமிலிருந்து தொடங்காதீர்கள். கலர் டப்பாவே காலியாகும், கிடைப்பது சாம்பல் நிறம். கோகோ பவுடர் தாராளமாகச் சேர்த்து அடர் சாக்லேட் கிரீமாக அடித்துக்கொண்டு, அதில் கறுப்பு ஜெல்லைக் கலந்தால் குறைந்த அளவே போதும். சிவப்பிலும் ஒரு சிட்டிகை கோகோ சேர்த்தால் ரோஸ் சாயல் அடங்கும்.

கேக் முழுவதையும் இந்த நிறங்களால் பூசுவது எனக்கு உடன்பாடில்லை. நாக்கும் பல்லும் சாயமேறும், குழந்தைகளின் சட்டையும் தப்பாது. உள் அடுக்குகளுக்கு வெள்ளைக் கிரீம் வைத்து, வெளியே மட்டும் மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். வெள்ளைப் பகுதியை ஒட்டி வரும் சிவப்பு, கறுப்பு வேலைகளைக் கடைசியாகச் செய்யுங்கள்; ஈரம் பட்டால் சாயம் வழியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேக் வியர்த்திருந்தால் தொடாமல் உலரவிடுங்கள். வெயிலில் நிறம் மங்கும் என்பதால் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

தேவைக்கு மேல் ஒரு கிண்ணம் கூடுதலாகவே கலந்துகொள்ளுங்கள். பாதியில் தீர்ந்துபோனால், அதே நிறத்தை மறுபடி கொண்டுவருவது மிகவும் கடினம்.