மலையிலிருந்து எதைக் கொண்டுவருவது? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம்.

நாங்கள் மதுரையில் இருக்கிறோம். மாடியில் இருபது தொட்டிகளில் கத்தரி, வெண்டை, தக்காளி, நாலைந்து ரோஜா வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளோடு ஐந்து நாள் கொடைக்கானல் போவோம். திரும்பும்போது ஹைட்ராஞ்சியா, ஃபுக்சியா என்று ஐந்தாறு பூச்செடிகள் வாங்கி வருவோம். ஒன்றுகூட ஒரு மாதம் தாண்டியதில்லை. தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் வாடிக் கருகிவிடுகின்றன. போன வருஷம் அது போதாதென்று, திரும்பி வந்து பார்த்தால் மாடிச் செடிகளிலும் பாதி காய்ந்து கிடந்தது. பாட்டிலில் ஓட்டை போட்டு, தொட்டிக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தோம். "நமக்குக் கைராசி இல்லையாம்மா?" என்கிறாள் மகள். எங்கே தப்பு செய்கிறோம்?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். அந்தப் பூச்செடிகளுக்கு மதுரையின் ராத்திரி ஒத்துக்கொள்ளாது.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். மே மாதத்தில் மதுரையில் ராத்திரி 26, 27 டிகிரி என்றால் மேலே 12, 13. செடி பகலில் சேர்த்த சர்க்கரையை ராத்திரி மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது. ராத்திரி புழுக்கமாக இருந்தால் செலவு கூடும். மலைச்செடி கீழே வந்தால் வரவை மிஞ்சிய செலவில் நாளுக்கு நாள் இளைக்கும். ஹைட்ராஞ்சியாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது புது மொட்டு கட்ட ஆறு வாரமாவது 18 டிகிரிக்குக் கீழே ராத்திரி வேண்டும். மதுரையில் ஜனவரியிலேயே 20, 21தான். நீங்கள் வாங்கி வரும் செடியில் இருப்பது மலையிலேயே கட்டிய மொட்டு. அது விரிந்து முடிந்தால் கதையும் முடிந்தது.

உங்கள் செடிகளைச் சீக்கிரம் கொன்றது அந்த இரண்டு வேளைத் தண்ணீர். மத்தியானம் ஒரு மணிக்கு ஹைட்ராஞ்சியா இலையெல்லாம் துணிபோலத் தொங்கும். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கும். இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் தண்ணீர் ஏற்ற முடியாததால் வரும் வாட்டம் அது. சாயங்காலம் தானே நிமிரும். பதறிப்போய் மறுபடி ஊற்றினால் மண்ணில் காற்று போய் வேர் அழுகும். அழுகிய வேராலும் தண்ணீர் இழுக்க முடியாது. இலை இன்னும் வாடும், நாம் இன்னும் ஊற்றுவோம்.

ஹைட்ராஞ்சியாவின் நீல நிறம்கூட மலை மண்ணின் புளிப்பு கொடுத்தது. புளிப்பு மண்ணில்தான் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். நம் உப்பு ஆழ்துளைத் தண்ணீரில் பூ ரோஸ் நிறத்துக்குத் திரும்பும், இலை மஞ்சளாகும். அதனால் ஹைட்ராஞ்சியாவை கொடைக்கானலில் 1908இல் தொடங்கிய பிரையண்ட் பூங்காவில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். அதை வாங்காதீர்கள்.

வெறுங்கையோடு வர மனசு கேட்காதுதான். அதற்குப் போகும் பாதையை மாற்றுங்கள். வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாகவும் கொடைக்கானல் சாலையில் போய்ச் சேரலாம். இது கீழ்ப்பழனி மலை. காபி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை எல்லாம் நிழல் மரங்களுக்கு அடியில் கலந்து நிற்கும். ஏற ஏற எந்த உயரத்தில் எந்தப் பயிர் மாறுகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொன்னால் வாந்தி வராமலும் இருக்கும். தாண்டிக்குடிக்கு முன்னால் தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கன்று இருப்பைப் போனில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இந்த உயரத்திலிருந்து உங்கள் மாடிக்குக் கொண்டுவரத் தகுந்த செடி, நர்சரிகளில் புஷ் பெப்பர் என்று சொல்லும் செடி மிளகு. மிளகுக் கொடியில் மரத்தைப் பற்றி ஏறும் தண்டு வேறு, காய் பிடிக்கும் பக்கக்கிளை வேறு. பக்கக்கிளையிலிருந்து எடுத்த கன்று ஏறாது, தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். ஏறும் தண்டில் எடுத்ததை ஏமாந்து வாங்கினால் வருஷக்கணக்கில் கொடிதான் வளரும், மிளகு வராது. கண்டுபிடிப்பது சுலபம்: ஏறும் தண்டின் கணுக்களில் பற்றுவேர் முளைத்திருக்கும், பக்கக்கிளையில் இருக்காது. கன்றிலேயே சின்னதாக ஒரு மிளகுச் சரம் தொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

12 அங்குலத் தொட்டி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய உரம். காலை வெயில் மட்டும் படட்டும். கோடையில் 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் வையுங்கள். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் மிளகுக்கு வாடல் நோய் வரும், வந்தால் மீட்க முடியாது. அடியில் நாலு ஓட்டையாவது வேண்டும்.

மலைவாழைக் கன்றை மட்டும் தொடாதீர்கள், யாராவது சும்மா கொடுத்தாலும்கூட. இந்த மலையின் விருப்பாச்சி வாழையை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது முடிக்கொத்து நோய். அது கன்று வழியாகவும் அசுவினிப் பூச்சி வழியாகவும் ஊர்விட்டு ஊர் போகும். மரத்தில் ஒட்டிய ஆர்க்கிட், பாசி இவற்றையும் பிய்க்க வேண்டாம். காப்புக்காட்டில் அது வனச்சட்டப்படி குற்றம்.

வாங்கிய செடியைக் காரின் தரையில் ஒரு பெட்டிக்குள் நிற்க வையுங்கள். ஜன்னல் காற்று இலையை உலர்த்திவிடும். சாப்பிட இறங்கும்போது பூட்டிய காருக்குள் விட்டால் அரைமணியில் வெந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை மூழ்க வையுங்கள். மலை நர்சரியின் இலைமக்கு காய்ந்தால் சுருங்கும். மேலே ஊற்றுவது ஓரமாக வழிந்து போய் வேர்ப்பந்து உலர்ந்தே கிடக்கும். பிறகு மூன்று வாரம் மற்றத் தொட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள். 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி கொஞ்ச காலத்தில் பல மாவட்டங்களைப் பிடித்தது. செடியோடு பூச்சியும் சேர்ந்துதான் பயணம் செய்யும்.

இனி உங்கள் பாட்டில். மே மாத மாடியில் கவிழ்த்த பாட்டிலுக்குள் இருக்கும் காற்று சூடேறி விரியும், தண்ணீரை வெளியே தள்ளும். ஐந்து நாளைக்கென்று வைத்தது ஒரே பகலில் தீர்ந்திருக்கும். நிழலான வராந்தாவில் அது ஓரளவு வேலை செய்யும், மொட்டை மாடியில் செய்யாது. தட்டில் தண்ணீர் நிறுத்தி வைப்பதும் வேண்டாம். வேரும் கெடும், டெங்கு கொசுவும் வரும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். கோடையில் 12 அங்குலத் தொட்டிக்கு நாளைக்கு 2 லிட்டர். இருபது தொட்டிக்கு 40, ஐந்து நாளைக்கு 200 லிட்டர். இதற்கு டைமர் வைத்த சொட்டுநீர்தான் வழி. டைமர் வாங்கும்போது உள்ளே இருப்பது பந்து வால்வா (ball valve, துளையிட்ட உருண்டை திரும்பித் திறப்பது) என்று கேளுங்கள். மின்காந்தத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வு திறக்கக் குழாயில் அழுத்தம் வேண்டும். மாடியிலுள்ள மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒன்றரை மீட்டர் இறங்கும் தண்ணீரில் அந்த அழுத்தம் இருக்காது. அழுத்தம் சமன்செய்யும் சொட்டுவான்களும் இதே காரணத்தால் சரிப்படாது, 4 மில்லிமீட்டர் மைக்ரோ டியூப் என்னும் மெல்லிய குழாய் போதும். பத்து நிமிஷம் ஓடவிட்டு ஒரு டம்ளரில் பிடித்து அளந்து, காலை ஐந்தரைக்கும் சாயங்காலம் ஐந்துக்குமாக நேரத்தைப் பிரித்து வையுங்கள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே ஓட்டிப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் எந்தக் குழாய் அடைக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

இதெல்லாம் செய்தும் செடி காய்வதற்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு: மோட்டார் போட ஆள் இருக்காது, மேல்தொட்டி இரண்டாம் நாளே காலி. செடிக்கென்று தனியாக ஒரு 200 லிட்டர் டிரம்மை உயரத்தில் வைத்து, முட்ட நிரப்பி, அதிலிருந்து மட்டும் இணைப்பு கொடுங்கள். குழாய் டிரம்மின் அடியோடு சேர்ந்து இருக்கட்டும். கொஞ்சம் மேலே இருந்தால் கடைசி நாளுக்குத் தண்ணீர் வராது.

தொட்டிகளை நெருக்கிச் சேர்த்து, மண்மேல் இரண்டு அங்குலம் சருகு போட்டு, நிழல்வலை கட்டுங்கள். வெண்டை, கத்தரியைப் பிஞ்சு உட்பட எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். முற்றிய வெண்டைக்காய் ஒன்று நின்றாலும் செடி புதிதாகப் பூக்கச் சோம்பும். போகிற வாரத்தில் உரம் வேண்டாம்.

மே மாதத்தை விட்டு அரையாண்டு விடுமுறையில் போக முடியுமா என்றும் யோசியுங்கள்.  2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் (வண்டியில் வருவோருக்கான இணையவழி அனுமதி) இருக்கிறது, அதைக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாடிக்குத் தண்ணீர் ஏறத்தாழ பாதி போதும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மட்டும் கனமாக இருக்கட்டும், உறைபனி விழும் காலம்.

அப்படிப் போனால் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு கால் கிலோ வாங்குங்கள். நாலு பல்லை மகளிடம் கொடுத்து, கூர்முனை மேலாக ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றச் சொல்லுங்கள். மதுரையில் குளிர் போதாது, பூண்டு திரளாது. தாளை நறுக்கி முட்டைப் பொரியலில் போடலாம்.