எல்லா உருண்டைக் கல்லும் எரிமலைக் கல் அல்ல

கடல்தட்டு கண்டத்தட்டுக்கு அடியில் போனால் எரிமலை வருவது உரசல் சூட்டினாலா?
– காட்பாடி வாசகர்

தண்ணீரால். கடல்தட்டு, அதாவது கடலடியில் நகரும் பெரும் பாறைப் பலகை, தன் தாதுக்களுக்குள் நீரைச் சுமந்துகொண்டே அமிழ்கிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் பிரிந்து மேலேயுள்ள கவசத்துக்குள் (பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள தடித்த அடுக்கு) ஏறும்போது, பாறை உருகும் வெப்பநிலை இறங்கிவிடுகிறது. அப்போதும் உருகுவது சிறு பங்குதான். கவசம் முழுக்கக் குழம்பு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அது திடப் பாறை. எத்தனையாவது முறை எழுதுகிறேனோ!

ஆண்டீஸ் தொடர் முழுவதும் எரிமலை கக்கியதுதானா?
– ஆம்பூர் வாசகர்

கக்கியது மேல்பூச்சு. பசிபிக் கடலடியின் நாஸ்கா தட்டு ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் தென் அமெரிக்காவுக்கு அடியில் நுழைகிறது. அந்த நெருக்கலில் கண்டத்தின் மேலோடு மடங்கி, சில இடங்களில் 70 கிலோமீட்டர் வரை தடித்துவிட்டது. வெளியே வராத குழம்பு அடியிலேயே இறுகிக் கிரானைட் வகைப் பாறையானது. தொடரின் உச்சியான அக்கன்காகுவா, 6,961 மீட்டர், இன்று எரிமலையே அல்ல.

இமயமலையில் ஏன் எரிமலை இல்லை?
– குடியாத்தம் வாசகி

மோதுவது இரண்டு கண்டங்கள். கண்டப் பாறை லேசு, எளிதில் அமிழாது. முன்பு இரண்டுக்கும் நடுவே இருந்த டெதிஸ் கடலின் தட்டு அமிழ்ந்தபோது அங்கும் எரிமலைகள் இருந்தன. லடாக் கிரானைட் அந்தக் காலத்து மிச்சம்.

நம் நாட்டில் எரிமலை உண்டா?
– இதே வாசகி

அந்தமானில் பாரன் தீவு. 1991-இல் மறுபடி விழித்தது.

எங்கள் குன்றில் உருண்டை உருண்டையாகப் பாறைகள். எரிமலை வீசியதுதானே? போட்டோ இணைத்துள்ளேன். வைரம் கிடைக்குமா?
– சத்துவாச்சாரி வாசகர்

போட்டோவில் பாறையைவிட உங்கள் நண்பர்தான் அதிகம் தெரிகிறார். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, உடைந்த முகத்தை எடுங்கள் என்று மன்றாடிக்கொண்டே இருக்கிறேன்.

வீசியதல்ல. பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் ஓடும். அதில் இறங்கும் மழைநீர் மூலைகளைத்தான் முதலில் மட்கச் செய்யும். மூலை போனால் மிஞ்சுவது உருண்டை. கிட்டே போய்ப் பாருங்கள், வெங்காயச் சருகு போல ஏடு ஏடாக உரியும். சில ஏடுகள் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். உடைந்த முகத்தில் கல்லுப்பு அளவு படிக மணிகள் மினுங்கும். பாகு மெதுவாக ஆறினால்தானே கற்கண்டு கட்டும்? வெளியே கொட்டிச் சட்டென்று ஆறிய எரிமலைக் கல்லில் பெரும்பாலும் மணிகள் கண்ணுக்கே தெரியாது.

நம் பக்கத்துக் குன்றுகளில் உள்ள, கிரானைட் போன்ற சார்னோக்கைட் பாறைக்கு வயது 250 கோடி ஆண்டுக்கு முன்பின். உருவானது 20 கிலோமீட்டருக்கும் கீழே. மேலே இருந்த அத்தனையையும் மழையும் ஆறும் கரைத்துக் கொண்டுபோன பிறகுதான் அது நம் காலில் இடறுகிறது. அதற்காகக் குன்றுக்கும் 250 கோடி என்று எழுதிவிடாதீர்கள். கல்லின் வயது வேறு, குன்றின் வயது வேறு.

ஒரு பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். சுவரில் உள்ளூர்க் குன்று, உச்சியில் சிவப்புப் பெயின்ட் வழிகிறது! ஜன்னலைத் திறந்தால் நிஜக் குன்று நிற்கிறது, ஏறிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

வைரமா? கிடையாது.

வேலூர் வெயிலுக்கு மலைக்குள் இருக்கும் நெருப்பு காரணமா?
– ஆற்காடு வாசகர்

இல்லை. பகலில் குடித்த வெயிலைப் பாறை ராத்திரி திருப்பித் தருகிறது. மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுங்கள்.