மாவோவை எதிர்த்தவர்கள் என்ன ஆனார்கள்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சார், ஸ்டாலின் மாதிரி மாவோவும் கூட இருந்தவர்களைச் சுட்டுத் தள்ளினாரா?

பதில்: கட்சியின் மேல்மட்டத்தில் பெரும்பாலும் இல்லை. சாமானியர்கள் கதை வேறு. 1950-51இல் நடந்த எதிர்ப்புரட்சியாளர் ஒழிப்பு இயக்கத்தில் மட்டும் அரசுக் கணக்குப்படியே ஏழு லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சகாக்களுக்கு மாவோ வைத்திருந்தது கூட்டம். கூட வேலை செய்தவர்களையே ஒருவர் பின் ஒருவராக எழுந்து திட்ட வைப்பார். கடைசியில் சம்பந்தப்பட்டவரே தன் தவறுகளை எழுதிக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஒரு கடிதம் எழுதியதற்காகவா ராணுவ அமைச்சரின் பதவி பறிபோனது?

பதில்: ஆமாம், பெங் தெஹுவாய். கொரியப் போரில் சீனப் படைக்குத் தலைமை தாங்கியவர். 1959 ஜூலையில் லூஷான் மலையில் கட்சிக் கூட்டம். விவசாயத்தையும் தொழிலையும் ஒரே தாவலில் பெருக்க 1958இல் மாவோ தொடங்கிய 'மாபெரும் பாய்ச்சல்' திட்டத்தின் அத்துமீறல்களைச் சரிசெய்யத்தான் அதைக் கூட்டியிருந்தார்கள். 14ஆம் தேதி பெங் மாவோவுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் கொடுத்தார். சாதனைகளைப் பாராட்டிவிட்டு, விளைச்சலைக் கூட்டிச் சொல்லும் பழக்கத்தையும் ஊர் ஊராக இரும்பு உருக்கியதில் வந்த நஷ்டத்தையும் சொன்னார். காரமான கடிதம் ஒன்றுமில்லை.

மாவோ இரண்டே நாளில் அதை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். யார் ஆதரிக்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்தார். வெளியுறவுத் துணை அமைச்சர் ஜாங் வென்டியன் ஆதரித்து நீளமாகப் பேசினார். 23ஆம் தேதி மாவோ எழுந்தார்: ராணுவம் என்னோடு வராவிட்டால் கிராமத்துக்குப் போய் வேறு படை திரட்டுவேன் என்றார். அதற்கப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? பிரதமர் சௌ என்லாய், நாட்டின் தலைவர் லியூ ஷாவோச்சி உட்பட எல்லோரும் பெங்கைக் கண்டித்தார்கள். பெங்கின் பதவி தளபதி லின் பியாவோவுக்குப் போனது. பாய்ச்சலைத் திருத்த வந்தவர்கள் அதை முடுக்கிவிட்டுக் கீழே இறங்கினார்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்த பஞ்சம் இன்னும் மோசமானது. என்னைக் கேட்டால், மாவோவின் ஆட்சியில் மிக அதிக விலை கொடுத்த கூட்டம் இதுதான்.

கேள்வி: 'நூறு பூக்கள் மலரட்டும்' என்றது பொறிதானே?

பதில்: கட்சியை வெளிப்படையாக விமர்சியுங்கள் என்று மாவோ விடுத்த அழைப்பு அது. பொறிதான் என்று பிறகு மாவோவே சொல்லிக்கொண்டார். எனக்கு நம்பிக்கையில்லை. விமர்சனம் அவர் எதிர்பார்த்ததைவிடச் சூடாக வந்ததும் மிரண்டுபோனார் என்றே நினைக்கிறேன். 1957 ஜூனில் காற்று திசை மாறியது. சுமார் ஐந்தரை லட்சம் பேருக்கு 'வலதுசாரி', அதாவது கட்சியின் எதிரி என்ற முத்திரை விழுந்தது.

கேள்வி: தோழர், இதெல்லாம் மேற்கத்தியப் பிரசாரம் இல்லையா?

பதில்: 1978இல் பெங்கின் மீதும் 1980இல் லியூ ஷாவோச்சியின் மீதும் இருந்த களங்கத்தைத் துடைத்தது சீனக் கம்யூனிஸ்ட் கட்சிதான். லியூ நாட்டின் தலைவராக இருந்தவர். 1967இல், கலாசாரப் புரட்சியின்போது, மாவோவின் பெயரில் கிளம்பிய இளைஞர் படையான செங்காவலர்கள் சூழ்ந்து அவமானப்படுத்தியபோது அரசியல் சாசனப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தன் உரிமையைக் கேட்டார். பலிக்கவில்லை. 1969 நவம்பரில் கைஃபெங்கில் காவலில் இறந்தார். வேறொரு பெயரில் எரித்தார்கள். 1974இல் இறந்த பெங்குக்கும் அதே கதிதான்.

கேள்வி: டெங் சியாவோபிங் மட்டும் எப்படித் தப்பினார்?

பதில்: கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த டெங்கும் கலாசாரப் புரட்சியில் லியூவோடு சேர்ந்து வீழ்த்தப்பட்டவர்தான். ஆனால் லியூவைக் கட்சியைவிட்டே நீக்கினார்கள், டெங்கை நீக்க மாவோ சம்மதிக்கவில்லை. ஜியாங்சி மாகாணத்தில் டிராக்டர் பட்டறைக்கு ஃபிட்டராக அனுப்பினார்கள். இளம் வயதில் பிரான்சில் கற்ற தொழில் கைகொடுத்தது. 1973இல் திரும்ப அழைத்தார்கள். 1976 ஏப்ரலில் மறுபடி எல்லாப் பதவியும் போயிற்று. அப்போதும் கட்சி உறுப்பினர் என்ற தகுதியை மட்டும் விட்டுவைத்தார்கள்.