பாரிஸுக்கு வர்றப்ப லீல் நகரத்துக்கும் போகலாமா? அப்படி என்ன இருக்கு அங்க?

நீங்க கேட்டது இதுதான்: பாரிஸ்ல இருக்கப்போற நாள்ல ரெண்டு நாள் வேற ஊருக்கு ஒதுக்கி வச்சிருக்கீங்க, எல்லாரும் தெற்கே நீஸ் பக்கம் போகச் சொல்றாங்க, ஒரே ஒரு ஃப்ரெண்டு மட்டும் வடக்கே லீல் போங்கறார், ஆனா அது மழை ஊரு, ஃபேக்டரி ஊருன்னு கேள்விப்பட்டு யோசிக்கறீங்க. யோசிக்காம போங்க. மாஸ்டர்ஸ் படிக்க ரெண்டு வருஷம் அங்கதான் இருந்தேன், இன்னிக்கும் கனவுல அந்த ஊர்த் தெரு வருது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மழை உண்மைதான். ஃபேக்டரியும் உண்மைதான். லீல், பக்கத்துல ரூபே, தூர்க்வான், இந்த மூணும் ஒட்டிக்கிட்டே இருக்கற ஊருங்க, ஒரு காலத்துல பிரான்ஸோட துணி, கம்பளியெல்லாம் இங்கதான் நெசவு ஆச்சு, அப்புறம் 1970, 80கள்ல மில்லுங்க ஒண்ணொண்ணா மூடிட்டாங்க. நான் கோயம்புத்தூர்ல வளர்ந்தவ, மூடின மில் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். துருப்பிடிச்ச கேட்டு, உள்ள முள்ளுச்செடி, வாசல்ல ஒரு வாட்ச்மேன். லீல்ல என்னைப் பிடிச்சு இழுத்ததே இந்த விஷயம்தான், இங்க பழசாப்போன எதையும் பூட்டி வைக்கறதில்ல, கதவைத் திறந்துவிட்டு ஜனங்களை உள்ள விட்டுடறாங்க. நீங்க பாக்கப்போற பாதி இடம் அப்படித்தான்.

முதல்ல வியே பூர்ஸ், அதாவது பழைய பங்குச் சந்தைக் கட்டடம். கிராண்ட் பிளாஸ்னு சொல்ற பெரிய சதுக்கத்துலயே இருக்கு. 1652-53ல கட்டினது, அப்ப இந்த ஊரு ஸ்பெயின் ராஜாகிட்ட இருந்துச்சு, பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயி பிடிச்சதெல்லாம் 1667லதான். ஒரே மாதிரி 24 சின்ன வீடு நாலு பக்கமும் ஒட்டி நிக்கும், நடுவுல கல்லு பாவின முற்றம், சுத்தியும் வளைவு வளைவா தாழ்வாரம், நம்ம ஊரு கோயில் பிராகாரத்துல ஒதுங்கி நிக்கற மாதிரியே இருக்கும். முன்னாடி வியாபாரிங்க பேரம் பேசின அந்த முற்றத்துல இப்ப மதியத்துக்கு மேல பழைய புத்தகக் கடை போடறாங்க, காமிக்ஸ், பழைய போஸ்டர், இசைத்தட்டு எல்லாம் கிடைக்கும், ஒரு ஓரத்துல வரிசையா மேஜை போட்டு செஸ் ஆடுவாங்க. உள்ள வர காசு கிடையாது.

நான் போன முதல் குளிர்காலத்துல வகுப்புல பேசறது பாதி புரியாது, ரூம்ல தனியா இருக்கப் பிடிக்காம அங்க போய் நின்னு வேடிக்கை பாப்பேன். ஒரு நாள் எழுபது வயசு இருக்கும் ஒரு தாத்தா எதிர் நாற்காலியைக் கையால தட்டிக் காட்டினார், உக்காருன்னு. அவர் செட்ல கறுப்பு யானை ஒண்ணு காணாம போயிருந்துச்சு, அதுக்குப் பதிலா ஒயின் பாட்டில் கார்க்கை நிக்க வச்சிருந்தார், அந்தக் கார்க் அடில லேசா சிவப்புக் கறை. எந்த ஊருன்னு கேட்டார், தமிழ்நாடுன்னேன், புரியல, மெட்ராஸ்னேன், "ஆ, ஆனந்த்!"னு சொல்லிட்டு ரொம்ப ஜாக்கிரதையா ஆட ஆரம்பிச்சார். இருபது நகர்த்தல்ல தோத்தேன். தப்பா ஆடினா ஒண்ணும் சொல்ல மாட்டார், நான் எங்க வச்சிருக்கணுமோ அந்தக் கட்டத்துல விரலை மட்டும் வைப்பார். அந்த வருஷம் எத்தனை சனிக்கிழமை அங்க போனேன்னு கணக்கே இல்ல. எனக்குப் பேசற ஃப்ரெஞ்சு வந்தது கிளாஸ்ல இல்ல, அந்த மேஜையிலதான்.

அடுத்து லா பிஸீன், பேருக்கு அர்த்தமே நீச்சல் குளம். இது ரூபேல இருக்கு, லீல்ல இருந்து மெட்ரோலயே போயிடலாம். 1932ல திறந்த குளம், மில் தொழிலாளிங்க வீட்டுல குளிக்க வசதி இல்லாத காலம், அதனால குளத்தோட சேர்த்துக் குளியலறைகளும் கட்டினாங்க, முதலாளி வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி பிள்ளையும் ஒரே தண்ணில நீந்தின இடம். கட்டடம் பலவீனமாகி 1985ல மூடினாங்க, 2001ல மியூசியமாத் திறந்தாங்க. தண்ணியை மட்டும் எடுக்கல. நடுவுல நீளமா தண்ணி நிக்குது, ரெண்டு கரையிலயும் சிலைங்க, ஒரு கோடியில சூரியன் உதிக்கற மாதிரியும் இன்னொரு கோடியில அஸ்தமிக்கற மாதிரியும் பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல், வெயில் அடிக்கற நாள்ல அந்த மஞ்சள் அப்படியே தண்ணில விழுந்து ஆடும். உடை மாத்தற அறை, ஷவர் அறை எல்லாத்துலயும் இப்ப கலைப்பொருள் வச்சிருக்காங்க, சுவத்துல பழைய டைல்ஸ் அப்படியே இருக்கு. நான் பாத்த மியூசியத்துலயே மனசுக்கு ரொம்ப நெருக்கமானது இதுதான், லூவ்ருல கூட எனக்கு இப்படி இருந்ததில்ல.

மெட்ரோன்னு சொன்னதும் இன்னொண்ணு, அதுல டிரைவரே கிடையாது, 1983லயே தானா ஓட ஆரம்பிச்சுடுச்சு, உலகத்துலயே முதல்ல வந்த அந்த மாதிரி மெட்ரோல ஒண்ணு. குழந்தைங்களோட போனீங்கன்னா முன் கண்ணாடிகிட்ட நிக்க விடுங்க, சுரங்கம் நம்மை நோக்கி ஓடி வர்றது தெரியும்.

பழைய ஊருப் பகுதி, வியூ லீல், அதை மேப் இல்லாம சுத்துங்க. செங்கல்லு வீடு, கல்லு பாவின தெரு. 1792ல ஆஸ்திரியப் படை ஊரை முற்றுகை போட்டு அடிச்ச குண்டுங்க சில சுவத்துல இன்னும் பதிஞ்சு கிடக்கு, அண்ணாந்து பாத்துட்டே நடங்க. பிரான்ஸ் அதிபரா இருந்த டி கோல் 1890ல பிறந்த வீடும் இங்கதான். கதீட்ரலுக்குக் கண்டிப்பா போங்க, நோத்ர் தாம் த லா த்ரெய். 1854ல ஆரம்பிச்சு காசில்லாம இழுத்து இழுத்து முகப்பை 1999லதான் முடிச்சாங்க. வெளிய நின்னு பாத்தா சாம்பல் கலர்ல மொட்டையா இருக்கும், என்னடா இதுன்னு திரும்பிடாதீங்க. முகப்பு பூரா 3 செ.மீ. கூட கனமில்லாத வெள்ளை மார்பிள் பலகை, உள்ள போய்த் திரும்பிப் பாருங்க, வெளிச்சம் கல்லு வழியா ஊடுருவி சுவரே ஆரஞ்சா எரியும்.

சாப்பாடு பெல்ஜியத்தோட ஒட்டின சாப்பாடு. எஸ்தமினேன்னு சின்ன சின்னக் கடை இருக்கும், மர பெஞ்சு, பியர், கார்போனாத்னு பியர்ல மணிக்கணக்கா வேகவச்ச மாட்டுக்கறி. வெல்ஷ்னு ஒண்ணு, பிரெட் மேல உருகின சீஸை ஊத்தித் தருவாங்க, அடியில ஹாம் இருக்கும், வெஜ்னா முன்னாடியே சொல்லிடுங்க. மேர்ங்கற பழைய கடையில வனிலா வச்ச மெல்லிசு வாஃபிள், அது ஒண்ணு போதும். ஞாயித்துக்கிழமை காலையில வாசெம் சந்தை, கொத்தமல்லிக் கட்டு, புதினா, ஆலிவ், பொரிச்ச கோழி வாசனை, அரபியும் ஃப்ரெஞ்சும் கலந்து கூவற சத்தம், எனக்கு அங்க போனாதான் வாரம் முடிஞ்ச மாதிரி இருக்கும்.

செப்டம்பர் முதல் வார இறுதில போறீங்கன்னா பிராதெரி நடக்கும், ஊரு முழுக்க பழைய சாமான் சந்தை. வேலைக்காரங்க வருஷத்துல ஒரு ராத்திரி எஜமானரோட பழைய சாமானை வித்துக்கலாம்னு இருந்த அனுமதில ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க. எல்லாரும் சிப்பியும் ஃப்ரைஸும் சாப்பிட்டு சிப்பி ஓட்டை அந்தந்தக் கடை வாசல்லயே கொட்டுவாங்க, யார் கடை முன்னாடி குவியல் பெருசுன்னு போட்டி. அந்த ரெண்டு நாள் ரூம் கிடைக்கறது கஷ்டம், மாசக்கணக்குல முன்னாடி போட்டுடுங்க.

ஒரு விஷயம் யாரும் டூரிஸ்ட் லிஸ்ட்ல போட மாட்டாங்க, நான் சொல்லியே ஆகணும். உங்க தோள்பட்டையில சின்னதா ஒரு தழும்பு இருக்கும் பாருங்க, காசநோய் வராம இருக்கப் போடற பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு. அதுல 'சி' கால்மெட், 'ஜி' கெரான், ரெண்டு பேரும் லீல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல வேலை பாத்தவங்க. 1908ல ஆரம்பிச்சு 13 வருஷம், காசநோய்க் கிருமியைப் பித்தநீர்ல ஊறவச்ச உருளைக்கிழங்குத் துண்டுல வளர்த்து, மூணு வாரத்துக்கு ஒருக்கா புதுசா மாத்தி, இப்படி 230 தடவை, கிருமி வீரியம் குறையற வரைக்கும். முதல் உலகப் போர்ல ஜெர்மன் படை ஊரையே பிடிச்சு வச்சிருந்தப்பவும் விடல. நம்ம சென்னை கிண்டில 1948ல பி.சி.ஜி. தயாரிக்க லேப் வச்சாங்கல்ல, அதுக்கு வேர் இந்த ஊர்லதான். அந்தக் கட்டடத்தைக் கடந்து போறப்பெல்லாம் என்னையறியாம கை தோளுக்குப் போகும்.

கார் கிடைச்சா அரை நாள் நெவ் ஷாப்பெலுக்கும் போயிட்டு வாங்க, மேற்கே ஒரு 25 கிலோமீட்டர். அதே முதல் உலகப் போர்ல, 1915 மார்ச்ல அங்க நடந்த சண்டையில, பிரிட்டிஷ் படையில இருந்த இந்தியச் சிப்பாய்ங்க நிறைய பேர் செத்தாங்க. உடம்பு கிடைக்காமப்போன 4,700க்கு மேல இந்தியர்களோட பேரை வட்டச் சுவத்துல செதுக்கியிருக்காங்க, 1927ல திறந்த நினைவிடம், நடுவுல தூண், தூணுக்கு ரெண்டு பக்கமும் கல்லுப் புலி. சுத்திலும் வெறும் வயல்தான். நான் போன அன்னிக்கு வேற ஒருத்தர் கூட இல்ல, ஒரு மணி நேரம் பேரா படிச்சுட்டே இருந்தேன்.

பாரிஸ்ல இருந்து டி.ஜி.வி.ங்கற அதிவேக ரயில்ல ஒரு மணி நேரம்தான். திங்கக்கிழமை மட்டும் வேண்டாம், லா பிஸீனும் வியே பூர்ஸ் முற்றமும் மூடியிருக்கும். சனிக்கிழமை காலையில வந்து இறங்கி, மதியம் முற்றத்துக்குப் போய் செஸ் பாருங்க, யாராவது நாற்காலியைத் தட்டினா உக்காருங்க. ஞாயித்துக்கிழமை காலையில வாசெம், மதியத்துக்கு மேல ரூபே. குடை எடுத்துக்கங்க, காத்துல மடங்காத குடையா.