உயிருள்ள பூச்சியை வெளியிலேயே வைத்து இவ்வளவு அருகில் படம் எடுக்க முடியுமா, அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத்தான் எடுக்கிறார்களா?

முடியும். உங்கள் கேள்வியின் பின்பாதிதான் என்னை எழுத வைத்தது. நண்பகலில் ஒரு தும்பியையோ வண்ணத்துப்பூச்சியையோ துரத்திப் பார்த்து, அது பறந்துபோன வெறுப்பில் நீங்கள் இப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளும் கொழும்புக்கு அருகிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவிலும் தலங்கம குளக்கரையிலும் நானும் அதைத்தான் செய்து, வெறும் இலைகளைப் படமெடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

உயிரளவில், அதாவது பத்து மில்லிமீற்றர் நீளமான பூச்சி, கமராவுக்குள் படம் பதியும் சென்சரிலும் பத்து மில்லிமீற்றராகவே விழும் 1:1 உருப்பெருக்கத்தில், லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தை எஃப் 11 என்ற சிறிய அளவு வரை ஒடுக்கினாலும் என்னுடைய சிறிய சென்சர் கமராவில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவே. கண் தெளிந்தால் உணர்கொம்பு மங்கும். இன்னும் ஒடுக்கலாமே என்றால், அந்த நெருக்கத்தில் எஃப் 11 என்பது எஃப் 22 போலவே இயங்குவதால், அதற்கும் மேல் ஒடுக்கும்போது ஒளி துவார விளிம்பில் வளைந்து படம் முழுவதையும் மழுங்கச் செய்துவிடும். ஆகவே கூர்மை விழும் இடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்களை எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாக இணைக்கிறோம். அதற்குப் பூச்சி அசையாமல் இருக்க வேண்டும். அசையாத பூச்சி செத்த பூச்சிதான் என்ற சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது.

அந்தச் சந்தேகத்துக்கு நானும் ஆளானேன். தெஹிவளையில் என் பெரியம்மா வீட்டின் பின்வளவில், துளசிச் செடிகளுக்கு அருகே காய்ந்துபோன ஒரு மெல்லிய தண்டில், மாலையானதும் நீலப்பட்டைத் தேனீக்கள் சில வந்து வரிசையாகத் தொங்கும். இவை கூட்டுவாழ்வு வாழும் தேனீக்கள் அல்ல. பெண் தேனீ தனித்தனியே மண்ணில் வளை அமைக்கும். ஆண் தேனீக்களோ வெளியில் ஒரு தண்டைத் தாடையால் கௌவிப் பிடித்துக்கொண்டு, கால்களை மடக்கி, இரவு முழுவதும் அப்படியே உறங்கும். பெரும்பாலும் அடுத்த மாலையும் அதே தண்டுக்கே திரும்பும். பூச்சிகளுக்கு இமை இல்லாததால் உறக்கத்திலும் கண் திறந்தே இருக்கும். பார்ப்பவருக்கு அது பசை தடவி ஒட்டிய பூச்சிபோலத் தோன்றுவதில் வியப்பில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிறு அதிகாலை ஐந்தரை மணிக்கு அங்கு போய்ச் சேர்ந்தேன். "விடியாத நேரத்தில வேலிக்குள்ள என்னத்தைத் தேடுறாய் தம்பி?" என்று பெரியம்மா கேட்டதற்கு, சைகையால் பேசாமலிருக்கச் சொன்னதை அவர் இன்றுவரை மறக்கவில்லை. தேனீக்களுக்குச் சிவப்பு நிறம் தெரியாது என்பதால் டோர்ச் விளக்கின் முகப்பில் சிவப்புச் சலோபேன் தாளைக் கட்டியிருந்தேன். பிளாஷின் முன்னால் அடி வெட்டிய வெண்ணிற யோகட் கோப்பை. அது இல்லாவிட்டால் தேனீயின் கண்ணில் ஒளி ஒரு வெள்ளைப் புள்ளியாகக் குத்தும். பிளாஷைக் குறைந்த வலுவில் வைத்தால் அதன் மினுக்கம் மிகக் குறுகியதாகி, காற்றில் தண்டு ஆடினாலும் படம் குழம்பாது. ஒரு கையால் தண்டின் அடியையும் கமராவையும் சேர்த்துப் பிடித்து, மூச்சை அடக்கி, உடலை இம்மி இம்மியாக முன்னே சாய்த்து எடுத்த படங்களில் பதினான்கு தேறின.

ஆறு மணி கழிந்து வெளிச்சம் ஏறியதும் முதல் தேனீ உணர்கொம்புகளை முன்காலால் துடைத்தது. பிறகு சிறகை விரிக்காமலே, பறப்பதற்கான தசைகளை மட்டும் நடுக்கி உடலைச் சூடாக்கிக்கொண்டு போய்விட்டது. வெறுந்தண்டையும் படம் எடுத்து வைத்தேன்.

இணைத்து முடித்த படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். எந்தப் போட்டி என்று சொல்ல விரும்பவில்லை. நடுவர்களில் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், இது இறந்த பூச்சி, தண்டில் ஒட்டப்பட்டுள்ளது என்று கூறி விலக்கினார். அந்தக் கண்களில் இருந்த பசுமை கலந்த மினுக்கம் இறந்த தேனீயில் மங்கிவிடும் என்பதை அவர் கவனிக்கவில்லை. அதைவிட என்னை நோகச் செய்தது, மூலக் கோப்புகளை ஒருவரும் கேட்காததுதான். உணர்கொம்பைத் துடைக்கும் தேனீயும் வெறுந்தண்டும் அவற்றில் வரிசையாக இருந்தன.

குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவரே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, இருக்கிறார்கள். ஓய்வில் இருக்கும் பூச்சியின் உடல் வெப்பம் சூழலின் வெப்பத்தைச் சார்ந்தது என்பதால், குளிர்ந்தால் சோர்ந்து கிடக்கும். கொழும்பின் ஈரக் காற்றில் அதை வெளியே எடுத்தவுடன் உடலெங்கும் நீர் படியும் என்பதையும், அளவு தவறினால் அது மீண்டும் எழாது என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. அருங்காட்சியகத்தில் ஊசி குத்திய மாதிரிகளை நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்து இணைப்பது வேறு விடயம். அங்கு பூச்சி இறந்தது என்பதை எவரும் மறைப்பதில்லை. பிடித்துச் செல்வதோ சட்டப் பிரச்சினையாகவும் முடியலாம். யால தேசிய பூங்காவில் பூச்சிகளைச் சேகரித்த இத்தாலியர் இருவருக்கு 2024 இல் ஆறு கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது.

வெளிநாட்டார் எழுதிய வழிகாட்டிகளில் அதிகாலைக் குளிரில் பூச்சிகள் விறைத்துக் கிடக்கும் என்று படித்திருப்பீர்கள். கொழும்புப் பக்கத்தில் நம்முடைய விடியற்காலை பெரும்பாலும் இருபத்திரண்டு பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. இங்கு குளிரை நம்பிப் பயனில்லை. உறங்கும் இடத்தைத்தான் முதல்நாள் மாலையே தேடிவைக்க வேண்டும். வேலிக் கொடிகளையும் காய்ந்த புற்தண்டுகளையும் பாருங்கள். மிக அருகில் படமெடுப்பதற்கென்றே செய்த விலையுயர்ந்த மக்ரோ லென்ஸ் உடனே தேவையில்லை; 2022 இல் ரூபா சரிந்த பிறகு அதை வாங்கச் சொல்வதும் நியாயமில்லை. 50 மில்லிமீற்றர் லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில், லென்ஸை முன்னே தள்ளிவைக்கும் 12, 20, 36 மில்லிமீற்றர் வெற்று வளையங்கள் மூன்றையும் பொருத்தினால் உயிரளவையும் தாண்டலாம். கமராவையும் லென்ஸையும் இணைக்கும் மின் தொடுகை இல்லாத மலிவான வளையங்களை மட்டும் தவிருங்கள். பெரும்பாலான புதிய லென்ஸ்களில் துவாரத்தை மாற்றவே முடியாமற் போகும். லென்ஸின் முகப்பு பூச்சியை மிகவும் நெருங்கும் என்பதால், விழித்திருக்கும் பூச்சிக்கு இந்த ஏற்பாடு உதவாது.

பனித்துளி போல நீர் தெளித்து எடுப்பது ஏமாற்றா என்று யாரேனும் பின்னூட்டத்தில் கேட்கக்கூடும். ஏமாற்றுதான். நானும் ஒருமுறை தெளித்தேன்; தண்டில் இருந்த தேனீக்கள் அத்தனையும் விழித்து, தாடையை விட்டு, இருட்டிலேயே கீழே விழுந்தன. அவை மறுபடியும் தண்டில் ஏறி அமரும் வரை டோர்ச்சை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அன்று படம் எதுவும் எடுக்கவில்லை.